வெட்டாத பேர்

தோட்டத்துப் பெண்களின் வரலாற்றை எழுதுகிறேன் என்று நான் மலையேறத் தொடங்கியது யுத்த காலத்தில். டவுன் பள்ளிக்கூட டீச்சருக்கு அங்கே என்ன வேலை என்று எல்லோருக்கும் சந்தேகம். எஹலியகொட பஸ் நிலையத்தில் பொலிஸ்காரர் என் டேப் ரெக்கோடரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடிவாரத்துத் தேநீர்க்கடைக்காரர், தெரிந்துகொண்டே "கொஹேத யன்னே?" என்று, எங்கே போகிறேன் எனச் சிங்களத்தில் கேட்பார். நானும் யாரையும் நம்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நான் தேடிப் போனது ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஓர் அக்காவை. ஒருகாலத்தில் பெண்களுக்குக் கூலியைக் குறைத்தபோது, பால் வாளிகளை ஸ்டோர் வாசலில் இறக்கி வைத்து எல்லோரையும் உட்கார வைத்தவர். அவர் இல்லாமல் என் முதல் புத்தகம் இல்லை.

"யாரு அனுப்புனா உங்கள?"

"யாரும் அனுப்பலக்கா. நானாத்தான் வந்தேன்."

"யாரும் அனுப்பாம இந்த மேட்டுக்கு யாருங்க வருவா?"

தேத்தண்ணி தரவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடுவது நடக்காத காரியம். அவருடைய மருமகள் வேறு வாசலிலேயே நின்று என்னை அளந்துகொண்டிருந்தாள். தோட்டத்து ஆபீசுக்குக் கோள் சொல்லப்போவது இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு முறை அலைந்த பிறகு, மூன்றாம் முறை அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய மகன் அதே தோட்டத்தில்தான் வேலை செய்தான். அவனுக்குத் தொல்லை வரக்கூடாதே என்று நான் சொன்னேன்:

"பயப்படாதீங்கக்கா. உங்க பேர வெட்டிடுறேன்."

முகம் கறுத்துவிட்டது. "அதானே பார்த்தேன். நீ ஆபீஸ் ஆளுதான். எந்திரி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருமகளை முறைத்தேன். அவளோ சிரிப்பை அடக்கமுடியாமல் நின்றாள். "டீச்சர், இங்க பேருன்னா ஒருநாள் சம்பளங்க. பேர வெட்டுறதுன்னா அன்னைக்குக் கூலி இல்லைன்னு அர்த்தம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. புத்தகத்தில் பெயர் வராது என்றுதான் சொன்னேன் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அரைப்பேரு போட்டதுக்குத்தான் வாளிய எறக்குனோம். நீங்க அந்த அரையையும் எடுக்குறீங்களே! மகன்கிட்ட நான் பேசிக்கிறேன். முழுசாப் போடுங்க."

போட்டேன். அச்சகத்துக்காரர் எதற்கு வம்பு என்று தயங்கினார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

புத்தகத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. மருமகள் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்குக் காட்டுறதுக்குன்னு இது ஒண்ணுல மட்டும் போட்டுக் கொண்டாந்தீங்களோ?"

பையில் இன்னொரு புத்தகம் இருந்தது. எடுத்து விரித்தேன். மருமகள் அதையும் வாசித்தாள். அக்கா அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார்.

பிறகுதான் மருமகளிடம் சொன்னார்: "டீச்சருக்குத் தேத்தண்ணி ஊத்து."