எங்கள் கரைக்குத் தலைவர் இல்லை

எங்கள் கரையில் பன்னிரண்டு கரைவலைகள். வலை இழுக்க இடம் ஒன்றுதான். அதனால் வலைச் சொந்தக்காரர்களான சம்மாட்டிகள் நாங்கள் பருவத்துக்குப் பருவம் சீட்டெடுத்து, நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்து வலை போடுகிறோம். சண்டைக் காலத்தில் கடற்படைக்காரர் நேரம் குறித்தார்கள், பாஸ் கேட்டார்கள். அது முடிந்த பிறகு எல்லாம் பழையபடி எங்கள் கையில், அதாவது பன்னிரண்டு சம்மாட்டிகளின் கையில். தலைவர் என்று ஒருவர் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் மதிலோரம் இருப்போம். பன்னிரண்டு பேரும் சம்மதித்து வாய்விட்டு ஓம் சொன்னால்தான் ஒரு காரியம் நடக்கும். ஒருவர் தலையைச் சொறிந்தாலும் அடுத்த ஞாயிறுதான். வலை காயப்போடும் இடத்தில் நின்ற ஒரு தென்னையைத் தறிக்க நான்கு ஞாயிறு இருந்தோம். கடைசியில் அது தானாக விழுந்தது.

என் அண்ணி தவறியது என் முறைக்கு முதல் நாள். ஊரில் சாவு என்றால் அடக்கம் முடியும்வரை யாரும் வலை இறக்குவதில்லை. அந்த நாளுக்குரியவனின் முறை அதோடு போய்விடும். அடக்கம் என் நாளில் விழுந்தது. நல்ல நெத்தலிக் காலம். எனக்கு அடுத்த முறை வரப் பன்னிரண்டு நாள்.

"இந்தக் கிழமை வலை போடாட்டி நாங்க உடப்புக்குப் போறம். அங்க ஆள் தேடுறாங்க" என்று என் வலையை இழுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். பிடிபடும் மீனில் பங்குதான் அவர்களுக்குச் சோறு. அவர்கள் போனால் அந்தப் பருவம் முழுக்க என் வலைக்கு ஆளில்லை.

சவக்காலையிலிருந்து வந்த கையோடு எல்லோரையும் இருத்தினேன். நாளைய நாளை எனக்குத் தாருங்கள், எல்லோர் முறையும் ஒரு நாள் தள்ளிப்போகட்டும் என்று கேட்டேன். பத்துப் பேர் ஓம் என்றார்கள். மறுநாள் முறைக்காரன் என் மனைவியின் தம்பி.

"ஏலாது அத்தான்."

"ஏன்?"

"போன பருவம் எங்கட அம்மா செத்த நேரம் என்ர முறையும் போனதுதானே. அடுத்த நாள் வலை போட்டது யாரு?"

நான்தான்.

"அப்ப நீ கேட்டிருக்கலாமே."

"நீங்க குடுத்திருக்கலாமே."

பங்குச் சுவாமியிடம் போனேன். "என்னை அனுப்பினது பூசை வைக்க. வலை போட இல்ல" என்றார். வந்த எரிச்சலில் கடற்றொழில் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

"உங்கட ஊருக்குத் தலைவர் யாரு?" என்று அங்கிருந்த சேர் கேட்டார்.

"இல்ல சேர்."

"அப்ப முடிவெடுக்கிறது?"

"எல்லாரும்."

"அதுதான் முடியேல்ல" என்று சிரித்து, வரும் வெள்ளிக்கிழமை எனக்கென்று ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

வெள்ளி விடியக் கடிதத்தோடு கரைக்குப் போனேன். ஒருவரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. அன்றைய முறைக்காரர் என்னைவிட மூத்தவர், எனக்கு ஓம் சொன்னவர்.

"எங்கட ஓம் உனக்குப் போதாமப் போச்சு தம்பி. அந்தச் சேரையே கூட்டிவந்து கயிறு இழு."

என் ஆட்கள்கூடக் கயிற்றைத் தொடவில்லை. அவர்களும் இதே ஊரில் இருக்க வேண்டியவர்கள். சனிக்கிழமை உடப்புக்குப் போய்விட்டார்கள்.

ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோனது என் பிழைதான். ஆனாலும் யாரையாவது ஏச வேண்டும்போல இருந்தது. தலைவர் ஒருவர் இருந்தால் அவரையாவது ஏசலாம். இங்கே யாரை ஏசுவது? பதினொரு வீட்டுக்கும் போயா ஏசுவது?

ஞாயிறு பூசைக்குப் பின் மச்சான் எழும்பினான். சாவு வீட்டுக்காரனின் முறை இனி அழியக்கூடாது, எல்லோருக்கும் ஒரு நாள் தள்ள வேண்டும் என்றான்.

"இனிமேத்தான். போனது போனதுதான். என்ரயும், அத்தான்டயும்."

நான் கேட்டு அலைந்தது அதைத்தான். நான் நடந்து தேய்ந்த பிறகு, எனக்கில்லாமல். பத்துப் பேர் ஒவ்வொருவராக ஓம் சொன்னார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பேசாமல் இருந்தாலே போதும். அடுத்த சாவில் இன்னொருவன் என்னைப்போல அலைவான். அந்த நினைப்பு கொஞ்ச நேரம் இனிப்பாக இருந்ததை மறைக்க மாட்டேன். பூசையில் நற்கருணை வாங்கிய அதே வாய்.

"என்ன அத்தான், அடுத்த ஞாயிறுக்கு வைப்பமா?"

"வேணாம்" என்றேன். "ஓம்."

சந்தோஷத்தில் சொன்னதல்ல அது. ஆண்டவருக்குத் தெரியும். அவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. எழும்பி மண்ணைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.