தண்ணீர் டேங்க் அடியில் ஒரு விசாரணை

போன சனிக்கிழமை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

போலீஸ் இல்லை. கோர்ட்டும் இல்லை. பாலக்காட்டில் ஒரு மகளிர் கல்லூரி விடுதி... அதன் மொட்டை மாடி... மூலையில் கருப்பாக ஒரு தண்ணீர் டேங்க். அதன் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள்தான் நீதிபதிகள். அதில் மூத்தவளுக்கே இருபது வயதுதான் இருக்கும். குற்றவாளிக்கு — அதாவது எனக்கு — நாற்பத்தாறு.

கல்லூரியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'சொராரிட்டி' என்று ஒன்று உண்டாம். மாணவிகள் நடத்தும் சகோதரிகள் சங்கம். தனி வீடு, தனிச் சட்டம், சேருவதற்குத் தனிச் சடங்கு என்று அமர்க்களப்படுத்துவார்களாம். நம் பெண்கள் தனி வீட்டுக்கு எங்கே போவார்கள்? தண்ணீர் டேங்க் கிடைத்தது. 'டேங்க் சிஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். முதலாம் ஆண்டு படிக்கும் என் மகள் மதுமிதா அதில் உறுப்பினர்.

உறுப்பினர் ஆவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சேருகிற அன்று, புதுப்பெண் டேங்கைத் தட்டிப் பார்த்து உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். என் மகள் மருத்துவர் மாதிரி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பாதி இருக்குங்க" என்றாளாம். மறுநாள் காலையில் விடுதியே சோப்பு போட்டுக்கொண்டு நின்றபோது தண்ணீர் நின்றுவிட்டது. அப்படியும் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு ஆள் சங்கத்துக்குத் தேவை என்று நினைத்தார்களோ என்னவோ!

சட்டதிட்டங்களும் உண்டு. வீட்டிலிருந்து வரும் பலகாரத்தை டேங்க் அடியில்தான் பிரிக்க வேண்டும். யாருக்காவது இன்டர்வியூ என்றால் அவள் யாருடைய நல்ல சுடிதாரையும் கேட்கலாம், இல்லை என்று சொல்லக் கூடாது. எனக்குப் பிடித்த சட்டம் வேறு ஒன்று. அழுகிறவளிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்கக் கூடாது. முதலில் சாப்பிட வைக்க வேண்டும். காரணம் அப்புறம்.

அந்தச் சட்டம்தான் என் மகளைக் காப்பாற்றியது.

விடுதியில் சேர்ந்த புதிதில் தினமும் அழுதாள். நாங்கள் இருப்பது கொல்லங்கோட்டில். பஸ் ஏறினால் பாலக்காடு. அந்தத் தூரத்துக்கே அப்படி ஒரு அழுகை! முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் கணவர், ஜீப் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

"அம்மிணி அங்க அழுதுட்டுக் கெடக்குறா. நீ என்ன இங்க டைப் பண்ணிட்டு இருக்கற? நான் போய்க் கூட்டிட்டு வந்தர்றேன்."

அவர் கிளம்புவதற்குள் பவித்ரா முந்திக்கொண்டாள். மூன்றாம் ஆண்டு மாணவி. சங்கத்தின் தலைவி. சூரியநெல்லிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவள். எஸ்டேட்டில் காலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுப்பதைப் 'பெரட்டு' என்பார்கள். அதையே இங்கே சாயங்காலம் மாடியில் நடத்துகிறாள். பெரட்டுக்கு வராதவள் அறையைத் தேடிப் போவாள். அப்படித் தேடிப் போனபோதுதான் என் மகள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போய், சாப்பிட வைத்து, அப்புறம் கேட்டிருக்கிறாள்.

அன்றோடு அழுகை நின்றது. கதை ஆரம்பித்தது.

தினமும் சாயங்காலம் போன். யார் யாருடைய சுடிதாரைக் கிழித்தாள், யார் தூக்கத்தில் மலையாளத்தில் பேசுகிறாள், யார் லேப் தேர்வில் எதை உடைத்தாள்... காது சூடாகும் வரை கேட்பேன். வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு, தினமும் கதை சொல்லும் மகள் வாய்த்தால் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

கெட்டில் கதை ஆனது.

கொஞ்ச நாள் முன்பு இதே பக்கத்தில் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்கு, சுருக்கமாக: விடுதியில் எலக்ட்ரிக் கெட்டிலுக்குத் தடை. ஆனாலும் ஒரு கெட்டில் இருந்தது. அதில் நூடுல்ஸ், முட்டை, ஒருமுறை சேமியா பாயசம்கூட நடந்திருக்கிறது. அதை ஒளித்துவைத்த இடம் — விடுதியின் முதலுதவிப் பெட்டி. ஏன் அங்கே? விடுதி மேட்ரன் தலைவலிக்கும் சுக்குக் கஷாயம்தான் கொடுப்பார், கால் சுளுக்குக்கும் சுக்குக் கஷாயம்தான் கொடுப்பார். அந்தப் பெட்டியை அவர் திறந்ததே இல்லை. 'விடுதியிலேயே பத்திரமான இடம் முதலுதவிப் பெட்டிதான்' என்று முடித்திருந்தேன்.

நிறையப் பேர் பாராட்டினீர்கள். கல்லூரிப் பெயர் போடவில்லை. மகள் பெயர் போடவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது?

அந்தக் கஷாய மேட்ரன், இந்தப் பக்கத்தின் நெடுநாள் வாசகி என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பத்திரிகை வந்த அன்று மத்தியானமே பெட்டி திறக்கப்பட்டது. கெட்டில் பறிமுதல். யார் எழுதியது, யாருடைய அம்மா எழுதியது என்று சங்கத்துக்குத் தெரிய அதிக நேரம் ஆகவில்லை.

மகளிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்ம்மா, உங்ககிட்டச் சொன்னா ஊருக்கே சொல்லீருவீங்களா?"

"திட்டினாங்களா கண்ணு?"

"யாரும் திட்டுலீங். நல்லாத்தான் பேசறாங்க. ஆனா டேங்க்குக்குக் கூப்பிடறதில்லை. பெரட்டுல எம் பேரே வர்றதில்லீங்..." குரல் உடைந்தது. "அப்பாவ ஜீப்பு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நான் ஊட்டுக்கே வந்தர்றேன். எனக்குக் காலேஜே வேண்டாம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. பேரைக் கூப்பிடாமல் விடுவது இருக்கிறதே, அதைப் பதினெட்டு வயதில் தாங்க முடியாது. நாற்பத்தாறிலும் தாங்க முடியாது.

கணவர் சாவியை வெளியே எடுத்தார்.

"உனக்கு எழுத வேற ஒண்ணுமே கெடைக்கலையா? என்னையப் பத்தி எழுதறது!"

"உங்களைப் பத்தி எழுதியேதானுங்க இத்தன வருசம் ஓட்டுனேன். இனி என்ன மிச்சம் இருக்குது?"

சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டு, பவித்ராவுக்குப் போன் போட்டேன். நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் வாங்கம்மா. எல்லாரும் இருப்பாளுக. பெரட்டுல வச்சுப் பேசிக்குவோம்" என்றாள். சம்மன் என்றால் இதுதான்.

ஒரு கூடை மாம்பழத்தோடு போனேன். லஞ்சமா? ஆமாம், லஞ்சம்தான். முதலமடையில் சீசன் தொடங்கி, முதல் அறுப்பில் வந்த பழம்.

வாசலிலேயே மேட்ரன். கல்பாத்திப் பக்கத்து அம்மாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கோ வாங்கோ! நான் உங்களோட ரசிகையாக்கும். வாராவாரம் விடாம வாசிப்பேன். அந்தக் கஷாய மேட்ரன் நான்தான்னு எங்காத்துல எல்லார்கிட்டயும் காட்டினேன். நன்னா எழுதறேள்! படிச்சுச் சிரிச்சுச் சிரிச்சு வயறு வலிச்சுது. அப்பறம் நேரே போய்ப் பெட்டியைத் திறந்தேன்."

ரசிகை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்து நிற்க, ஓடி ஒளிய இடம் தேடியது இதுதான் முதல் தடவை. நாலு மாம்பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு மாடி ஏறினேன்.

பாயில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். என் மகள் பாயில் உட்காரவில்லை. துணி காயும் கொடிப் பக்கம் தள்ளி நின்றிருந்தாள், விருந்துக்குக் கூப்பிடாமல் வந்தவள் மாதிரி. நான் செய்த வேலையின் லட்சணம் அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

ஆனாலும் வக்கீல் வைக்காத குற்றவாளி அல்லவா? என் வாதத்தை எடுத்துவைத்தேன். யார் பெயரும் போடவில்லை. நல்லவிதமாகத்தான் எழுதினேன். போனது ஒரு கெட்டில், நானே புதுசாக வாங்கித் தந்துவிடுகிறேன்...

"கெட்டில் போனாப் போகுதும்மா" என்றாள் பவித்ரா. "அது இன்னொண்ணு வந்துரும்."

(மேட்ரன் அவர்களே, இது பேச்சுக்குச் சொன்னது.)

"இங்கன உக்காந்து இவளுக கெட்டில் கத மட்டுமா பேசுதாளுக? வீட்டுல சொல்ல முடியாததையெல்லாம் இங்க வந்துதான் சொல்லுதாளுக. இந்த டேங்க்கத் தாண்டிப் போவாதுங்கிற தைரியத்துல சொல்லுதாளுக. இப்ப மது பக்கத்துல இருந்தா ஒருத்திக்கும் வாய் வரமாட்டேங்கும்மா. அவகூட அவ அம்மா காதும் சேந்து உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. நாங்க என்னம்மா செய்ய?"

இத்தனை வருடம் எழுதி, ஒரு வரி கிடைக்கவில்லை.

"தப்புதான்மா" என்றேன்.

யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. மாம்பழத்தை வெட்டினார்கள். லஞ்சம் என்று தெரிந்தும் வெட்டினார்கள்; அந்த மணத்துக்கு யார்தான் மசிய மாட்டார்கள்! ஆளுக்கு ஒரு துண்டு போனது. கொடிப் பக்கம் நின்றவளுக்கும் ஒரு துண்டு போனது. நான் அதைக் கவனித்தேன்.

அப்போதுதான் பாயில் இருந்த ஒரு பெண் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். பெயர், ஊர், வகுப்பு எதுவும் சொல்ல மாட்டேன். இவ்வளவு எழுதவும் அவளிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் ஒரு மாம்பழத் துண்டை அவள் கையில் வைத்தாள். சாப்பிட்டாள். இன்னொரு துண்டு. அதையும் சாப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்வதற்கு வாயைத் திறந்தாள்... என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

ஒரு பத்தி எழுத்தாளரின் வேதனை உங்களுக்குப் புரியுமா? கண் முன்னால் ஒரு கதை ஆரம்பிக்கப் போகிறது. கொஞ்சம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும், எப்படியும் வெளியே வந்துவிடும். அப்படிக் காத்திருந்து காத்திருந்துதான் இத்தனை வருடப் பிழைப்பே ஓடியிருக்கிறது.

எழுந்துவிட்டேன்.

"நான் கெளம்பறேன் கண்ணுகளா. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அது அவர்களுக்கும் தெரியும்.

மதுமிதா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என்னோடு கிளம்பினாள். படிக்கட்டு வரை வந்துவிட்டாள். பின்னாலிருந்து பவித்ராவின் குரல்.

"ஏ மது, நீ எங்க போற? வந்து உக்காரு."

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். பின்னால் கொலுசுச் சத்தம் பாயை நோக்கி ஓடியது.

கீழே மேட்ரன் மாம்பழமும் கையுமாகக் காத்திருந்தார்.

"தினமும் மேலே கூட்டம் கூடறதுகள். என்னதான் பேசறதுகள்? நீங்களாவது சொல்லப்படாதா?"

"துணி காயப் போடறாங்க."

"சாயங்காலத்துலயா?"

"வெயில்ல போட்டா கலர் மங்கிருமுங்க."

அவர் நம்பவில்லை. இதைப் படித்துவிட்டு என்னை இன்னும் நம்பாமல் போவார். பாதகமில்லை. அங்கே சங்கம் இருப்பது அவருக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. எனக்கும் தெரியாது. இந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

இந்தக் கட்டுரைகூட பவித்ராவின் பார்வைக்குப் போய்த்தான் அச்சுக்கு வருகிறது. இரண்டு பத்திகளை வெட்டிவிட்டாள். இரண்டும் நல்ல பத்திகள்.

இப்போதெல்லாம் மகளின் போன் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. "சாப்பிட்டேனுங்ம்மா. நல்லாருக்கேனுங்ம்மா. வெச்சரட்டுங்களா?" என் கணவர் போனையே முறைத்துப் பார்க்கிறார். "என்ன, அம்மிணி கத ஒண்ணும் சொல்லலையா?" நானும் கொஞ்சம் ஏங்கித்தான் போகிறேன். ஒளிப்பானேன், சாயங்காலம் ஆனால் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

முந்தாநாள் அவள் கூப்பிட்டபோது பின்னால் ஒரே கூச்சல். யாரோ யாரையோ துரத்துகிறார்கள். யாரோ மூச்சுவிட முடியாமல் சிரிக்கிறார்கள். என் மகளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசுகிறாள்.

"என்ன கண்ணு சத்தம் அங்க?"

"ஒண்ணுமில்லீங்ம்மா... படிச்சிட்டிருக்கறோம்."

என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னிடம் பொய் சொன்னதில்லை.