பச்சை இலை ஒளிர்ந்த வீட்டிலக்கம்

நீரிலிருந்து உயிர் யாவையும் படைத்து, தன் அறிவுக்குத் தப்பி ஒரு துளியும் உதிரவிடாத ஏக நாயனைப் புகழ்ந்து தொடங்குகிறேன். இன்று றஜப் மாதத்து வெள்ளிக்கிழமை; ஜும்ஆ தொழுது வந்து இதை எழுதுகிறேன்.

கனடாவில் நான் தனியே குடியிருக்கும் தொடர்மாடி தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும். ஆளசைவு இல்லாத அறையின் விளக்கை அணைக்கும். குளிர் கூடினால் ஹீட்டரை ஏற்றும். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் நீரை அளக்கும். வாரந்தோறும் மிகக் குறைவாகச் செலவிட்ட வீட்டின் இலக்கத்தோடு கீழ்மண்டபத் திரையில் பச்சை இலையொன்று ஒளிரும். வெளியூர் போவதாய் அறிவித்த வீடு கணக்கில் சேராது. பூமியின் நீரைப் பேணும் ஏற்பாடு அது. ஓடும் ஆற்றிலும் வீண்விரயம் ஆகாதென்று கற்றவனுக்கு, அது மார்க்கத்தின் சொல்லாகவே பட்டது.

எதிர்வீட்டில் தனித்திருந்தவர், அண்ணன் முறையில் நான் காக்கா என்றழைக்கும், இலங்கையில் எங்கள் ஊர்ப்பக்கத்து நற்பிட்டிமுனை இஸ்மாலெவ்வை. அந்த இலையைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு.

"ஊர்ல கிணத்தடிய ஆக்கள் எட்டிப் பாப்பாங்க தம்பி, இஞ்ச மீட்டர் எட்டிப் பாக்குது. அஞ்சு நேரத் தொழுகைக்கும் முகம் கை கால் கழுவி வுழூச் செய்யிறவனுக்கு எப்பிடிக் கிடைக்கும் இந்த இலை? இலையக் காட்டினா ஓடி வாறத்துக்கு நான் என்ன ஆடா?"

சென்ற மாதம், பொறுப்பாளரிடம் அறிவித்துவிட்டு, வேறு நகரிலிருக்கும் மகன் வீட்டில் சில நாள் தங்கித் திரும்பினேன். திரையில் காக்காவின் வீட்டிலக்கம். அருகே பச்சை இலை. நெஞ்சு திடுக்கிட்டது. ஊரில், கல்முனையில் எங்கள் பள்ளிவாசலில், வுழூச் செய்யும் நீர்த்தொட்டியான ஹவுளின் ஓரத்தில் அவரவருக்கு வழக்கமான இடமுண்டு. விடிகாலைத் தொழுகையான சுபஹுக்கு ஓரிடம் வெறுமையாயிருந்தால், தொழுகை முடிந்ததும் யாராவது அவர் வாசலில் போய்நின்று சலாம் சொல்வார். அந்த வழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, தொழுகையாளியின் வீட்டில் நீர் ஓடவில்லை என்பது நற்செய்தி அன்று.

கதவைத் தட்டினேன், பதிலில்லை. கட்டடப் பொறுப்பாளரான இளம்பெண்ணிடம் ஓடி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இந்த இலை பிழை. அவர் தண்ணீர் பாவிக்காமல் இருக்கவே மாட்டார்" என்றேன்.

அவள் அன்போடு சிரித்தாள். "கவலைப்படாதீர்கள் ஐயா, அடுத்த வாரம் உங்களுக்கும் கிடைக்கும்."

போட்டியில் தோற்ற கிழவனின் முறையீடென்று எண்ணிவிட்டாள். மன்றாடிக் கூட்டிவந்து கதவைத் திறக்கச் செய்தேன்.

குளியலறைக் குழாயின் கீழே, வுழூவுக்காகச் சட்டைக்கையை மடித்த கோலத்திலேயே காக்கா உயிர் பிரிந்து மௌத்தாகிக் கிடந்தார். அசைவில்லை என்பதால் விளக்கு தானே அணைந்திருந்தது.

இந்நகரை நான் பழிக்கமாட்டேன். இன்று நீர் மிஞ்சினால்தான் நாளைய பிள்ளைகள் குடிப்பார்கள். ஆனால் ஒருவர் சிக்கனமாய் இருக்கிறாரா, இல்லாமலே போய்விட்டாரா என்று பிரித்தறிய அந்த மீட்டருக்கு எவரும் கற்பிக்கவில்லை.

இப்போதெல்லாம் வுழூ முடிந்த பின்னும் குழாயைச் சற்று ஓடவிடுகிறேன். விரயமென்று அறிவேன், இறைவனிடம் பிழைபொறுக்கக் கேட்டுத் தவ்பாவும் செய்கிறேன். என் இலக்கத்துக்கு அந்த இலை ஒருபோதும் வராதிருக்கட்டும். வந்தால் யாராவது திடுக்கிடட்டும். ஆனால் திடுக்கிட இங்கே இனி யார்? கல்முனை ஹவுளோரத்தில் என் இடத்தில் இந்நேரம் வேறொருவர் அமர்ந்திருப்பார். இங்கே எனக்குள்ள இடம், திரையில் ஒரு வீட்டிலக்கம்.

இதை வாசிப்போர் ஒவ்வொருவர் வாசலிலும், பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்கும் ஒரு குரலை நாயன் நாள்தோறும் நிறுத்திவைப்பானாக. ஆமீன்.