அலை உடையாத இடம்

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் நீந்தப் பழகியவன் நான். கிணற்றில் ஒரே சட்டம்தான்: படிக்கட்டைப் பார்த்து நேராக நீந்து. நாற்பத்தெட்டு வயதில், பிழைக்க வந்த அரபு நாட்டில், அதை ஃபுஜைரா கடலிலும் அமல்படுத்தினேன்.

அல் ஐன் தொழிலாளர் கேம்பில் ஒரே ரூமில் தங்கியிருக்கும் நாங்கள் நான்கு பேர் லீவு நாளில் போயிருந்தோம். எங்களில் ஒருவர் கீழக்கரை பாய், கடலோடு வளர்ந்தவர். இறங்குமுன் பாடம் எடுத்தார்.

"அலை சும்மா விழாது மாப்ள. தரை மேடாக மேடாக முன்னாடி வர்ற தண்ணி தடுக்கி மெதுவாகும். பின்னாடி வர்றது நிக்குமா? முட்டி ஏறி, குப்புற விழும். நம்ம கேம்ப் பஸ்ல ஏறுற மாதிரிதான்."

"நல்லாப் புரிஞ்சுது பாய்" என்றேன். புரிந்ததுபோல் தலையாட்டுவதில் எனக்குப் பல வருட கட்டட சைட் அனுபவம் உண்டு.

இருபுறமும் அலை உடைந்து நுரைத்தது. நடுவே மட்டும் தண்ணீர் சாதுவாகக் கிடந்தது. கிணறேதான்! இறங்கினேன். பத்துக் கை வீசித் திரும்பினால் கரை சிறுத்திருந்தது. கரையைப் பார்த்து நேராக நீந்தினேன். இன்னும் சிறுத்தது. உயிரோடு விட்டால் மொட்டை போடுகிறேன் என்று பழனிக்கு வேண்டினேன். தலையில் அதற்கான சரக்கு தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. தமிழ் பேசும் பாயைப் பார்த்து, ஏனோ "கலாஸ்! கலாஸ்!" என்று அரபியில் அலறினேன்; முடிஞ்சுது என்று அர்த்தம்.

"கரைக்கு நேரா வராத! பக்கவாட்டுல போ! அலை உடையிற பக்கம் போ மாப்ள!"

கொல்லப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். சற்று தூரத்தில் இழுப்பு விட்டது. முதுகுக்குப் பின்னால் ஓர் அலை எழுந்து என்னைத் தூக்கி, கரைப்பக்கம் உருட்டிவிட்டது. அடுத்தது வந்து இன்னும் தள்ளியது. நான் கண்ணை மூடிக்கொண்டு நீந்திக்கொண்டே இருந்தேன்.

"போதும், எந்திரி. முழங்கால் தண்ணி."

பாயின் குரல். எழுந்தேன். மற்ற இருவரும் மணலில் உருண்டு சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சாதுவான தண்ணீரைக் காட்டிச் சொன்னார். கரையேறிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் பள்ளமாம் நான் இறங்கிய இடம். ஆழம் அதிகம் என்பதால்தான் அங்கே அலை உடையவில்லையாம்.

நன்றி சொல்ல வாய் திறந்தேன். உப்புத் தண்ணீர்தான் வந்தது.

"எனக்கெதுக்கு நன்றி? தூக்கிட்டு வந்தது அது" என்று கடலைக் காட்டினார்.

அவரையும் விடவில்லை, கடலையும் விடவில்லை; இரண்டு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். குனிந்த நேரம் பார்த்து இன்னோர் அலை வந்து என்னை உட்கார வைத்தது. உட்கார்ந்தே இன்னொரு முறை கும்பிட்டேன்.