அரைக் கடிகாரம்

"இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று விடுதி வரவேற்பு மேசைமேல் ஒரு தாளை விரித்தார் சாவிக்காரர். பல் வெளுக்கும் பசையோடு வந்த குறிப்பு. அவருக்குப் படிக்கத் தெரியாத மொழி. ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்று படித்தேன். படத்திலிருந்த கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். அதில் பாதி வட்டம் கறுப்பு.

"பாதிக் கடிகாரம்னா ஆறு மணி நேரம்தானே? பத்து நாள் அப்படித்தான் வச்சேன்."

ஈறு வெந்திருக்குமே என்றேன். வெந்து உரிந்தும் போச்சு என்றார் அமைதியாக. மேலே படிக்கச் சொன்னார். உறை போட்ட பல்லின் நிறம் மாறாது என்பது கடைசி வரி.

"இத முதல் வரியா போட்டா என்ன கேடு?"

விடுதியில் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர்தான். இருபத்திரண்டு வருடமாக இதே மேசை. முன்பற்களில் ஒன்றுக்குச் செயற்கை உறை. மற்ற பற்களின் பழைய மஞ்சளுக்குப் பொருத்தமாகச் செய்தது. இப்போது வெள்ளையடித்த சுவரில் பழைய கதவுபோல அது மட்டும் தனியாக நிற்கிறது. பல் தெரியச் சிரிப்பவர்தான் முன் மேசையில் நிற்கலாம், மற்றவர்கள் கீழே சலவைத்துணி அறைக்கு என்று புது மேலாளர் சொன்னதால் வந்த வினை. மாதக் கடைசியில் முடிவு.

கண்ணாடிக் கதவு திறந்தாலே குளிர்காற்று பல்லில் ஏறுகிறது, உதட்டை இறுக்கிக்கொள்கிறார். வெதுவெதுப்பான தண்ணீரைக்கூடக் கன்னத்தோரம் ஒதுக்கித்தான் விழுங்குகிறார். இனிப் பசையைத் தொடக்கூடாது, கூச்சம் மெல்லக் குறையும், ஈறு ஆறியபின் உறையை மாற்றலாம் என்றாராம் பல் டாக்டர்.

"அதுக்குள்ள நான் துணி மடிக்கப் பழகிடுவேன்."

சாவி கொடுக்கும்போது அவருக்கென்று ஒரு வாசகம் உண்டு: "ஜன்னலத் திறந்தா கடல் தெரியாது. கவலப்படாதீங்க, மூடினாலும் தெரியாது." முடிக்குமுன் அவரே சிரித்துவிடுவார், அதைப் பார்த்துத்தான் வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரோடு மேசையில் நிற்கும், அதிகம் பேசாத என்னைத் 'தபால்பெட்டி' என்று கேலி செய்வதும் அவர்தான்.

சென்ற வாரம் மேலாளர் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பெட்டிகளோடு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்த சாவிக்காரர் அதை என் பக்கம் நகர்த்தினார். பதிவேட்டை மூக்குவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"அந்தக் கடல் விஷயத்த இன்னிக்கு நீ சொல்லிடும்மா."