ஹல்துமுல்லை வளைவில் ஈரச் சாக்கு

என் வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. இதைக் கட்டுக்கதை என்பவர்கள் பதுளையில் என் கராஜுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். கிருஷ்ணராஜ் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். போன மார்ச் மாதம், வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது இது.

என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இரண்டே இரண்டு சீட். அதன் சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டு, பெரிய ஆறு சிலிண்டர் எஞ்சினை நானே ஏற்றினேன். இரண்டு வருட உழைப்பு. அந்த வார ஞாயிற்றுக்கிழமை கார்களுக்கான மலையேற்றப் போட்டி. "இந்தத் தகரடப்பா எங்க மேடு ஏறப்போகுது" என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. ஏற்றிக் காட்ட வேண்டும் என்பதுதான் என் வெறி.

ஆனால் சனியன் கொதித்தது.

சமதரையில் ஓடினால் ஒன்றுமில்லை. மேட்டில் மெதுவாக ஏறினால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். ரேடியேட்டரை இரண்டு தடவை மாற்றினேன். தண்ணீர்ப் பம்பை மாற்றினேன். எஞ்சினை ஏற்றும்போதே பெரிய மின்விசிறியும் பூட்டி, வயரும் நானே இழுத்திருந்தேன். முள் என்னைப் பார்த்து இளித்தது. ஆத்திரத்தில் ஸ்பேனரை எறிந்து கராஜ் கண்ணாடியை உடைத்ததுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை. ஹல்துமுல்லை வரை காரை இறக்கி, திரும்ப மேலே ஏற்றிப் பார்த்தேன். மலை ஊற்றுத் தண்ணீர் பீலிக் குழாய் வழியே விழும் வளைவில் கொதித்துவிட்டது. மணி 4.10.

ஆறும்வரை காத்திருந்தேன். அப்போது கவனித்தேன். பீலியிலிருந்து காரின் முன்பக்கம் வரை ஈரக் காலடிகள். வெறுங்கால். திரும்பிப் போன தடம் இல்லை. யாரோ தோட்டத்து ஆள் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை. அதே வளைவு. அதே 4.10. எஞ்சினை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, போத்தலில் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பினால்... காரின் முகப்பில், ரேடியேட்டரை மறைக்கும் முன்வலையில் ஓர் ஈரச் சாக்கு தொங்கியது.

கொதிக்கும் ரேடியேட்டரை ஆற்ற, தோட்டத்து லொறிக்காரர்கள் இப்படி ஈரச் சாக்குப் போடுவார்கள். ஆனால் ரோட்டில் லொறி இல்லை. ஆள் இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. சாக்கு மட்டும் என் பக்கமாகப் புடைத்துப் படபடத்தது.

"எவண்டா என் காரத் தொட்டது?"

கத்திக்கொண்டே சாக்கைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசினேன்.

வெள்ளிக்கிழமை. என் மனைவியின் தம்பி சுரேஸையும் கூட்டிப்போனேன். மூடுபனி இறங்கியிருந்தது.

"மச்சான், முள்ளு ஏறுது."

"தெரியுது. வாய மூடு."

வளைவு வந்தது. புஸ்ஸ்ஸ்... 4.10.

சுரேஸ் டயருக்குக் கல் வைக்க இறங்கினான். நான் முன்பக்கம் போனேன். கார் இப்போதுதான் நின்றது. ஆனால் முன்வலையில் அதே சாக்கு. சொட்டச் சொட்ட ஈரம்.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. இன்னும் ஒரே நாள்! பொனட்டைத் திறந்து, துணியைச் சுற்றி, ரேடியேட்டர் மூடியில் கைவைத்தேன். ஆறாத மூடியை எந்த மெக்கானிக்கும் தொடமாட்டான். நான் தொட்டேன்.

"இருங்க தம்பி... ஆறட்டும்."

காதுக்குப் பக்கத்தில். சுரேஸின் குரல் இல்லை.

மூடியைத் திருகினேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

சூடு.

வழவழவென்று...

இழுத்தது. விழுந்தேன்.

டப்!

மூடி பறந்தது. என் முகம் இருந்த இடத்தில் கொதிநீர் பீறிட்டது.

"யாரு... யாரு என்ன இழுத்தது?"

"யாருமே இல்லயே மச்சான். நீங்களாத்தான் விழுந்தீங்க."

மணிக்கட்டில் நான்கு விரல் தடம் வெந்து சிவந்திருந்தது. அதன்மேல் வெள்ளையாக, மெல்லியதாக ஏதோ ஒட்டியிருந்தது. அதில் நெருக்கமாகக் கோடுகள். ரப்பர் குழாயின் துண்டு என்று நினைத்து, பீலியில் சுரண்டிக் கழுவினேன்.

கார் ஆறியபின் தண்ணீர் ஊற்றி வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. விசிறி காற்றை உள்ளே இழுத்தால் சாக்கு வலையோடு ஒட்டியல்லவா இருக்க வேண்டும்? ஏன் வெளியே புடைத்தது?

விசிறியின் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டியிருந்தேன். அது தலைகீழாகச் சுற்றி, காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பத்து நிமிட வேலை. இதற்காகவா இத்தனை ரேடியேட்டர்! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் மேட்டின் உச்சிவரை ஏறியது. முள் அசையவில்லை. சிரித்தவர்கள் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை அந்த வளைவுக்குப் போனேன். சற்று மேலே றோசாலி அக்காவின் டீக்கடை. ஈரச் சாக்கு போடுவது யார் என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"இப்ப யாரும் போடுறதில்லீங்க தம்பி. எங்கப்பாதான் போடுவாரு. யாகோப்பு. தோட்டத்து லொறியில கிளீனர். இந்த வளைவுலதான் லொறி கொதிச்சிருச்சு. டிரைவர் அவசரப்படுத்துனாரு. ஆறுறதுக்குள்ள அப்பா மூடியத் தொறந்துட்டாரு. அந்தக் கொதிதண்ணியிலயே போய்ச் சேர்ந்துட்டாரு."

"எப்பக்கா?"

"அப்ப எனக்கு ஒம்பது வயசு. மணி நாலு பத்து இருக்கும். தேயிலக் கொழுந்து எட போட்டுக்கிட்டு இருந்தாங்க." அவர் என் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். "தூக்கப் போனவங்க அப்பா கையப் புடிச்சாங்க. தோலு... அவங்க கையிலயே ஒட்டிக்கிட்டு வந்துருச்சு."

டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

நான் சுரண்டிக் கழுவியதில் இருந்த அந்தக் கோடுகள்... விரல் ரேகை.