ஊட்டாத கை

மகதலேனாவுக்கு அன்பு காட்டத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், சோறு ஊட்டுவது. கேரி தீவுத் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் விடியுமுன்பே எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டும் வேலைக்குப் போய்விட, தம்பிகளை ஊட்டி வளர்த்தவள் அவள். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்த பிறகு மகள் கிளாரிசாவுக்கு ஊட்டினாள். பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு இன்னுமா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவளின் கணவர் ரபேலுக்குப் பக்கவாதம் வந்தது. துறைமுகத்திலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கு லோரி ஓட்டிய மனிதர். ஒரு காலை பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். காலும் பேச்சும் மெல்லத் திரும்பின. வலது கை மட்டும் வரவில்லை. இடது கையால் சோற்றைத் தொடமாட்டேன் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, மகதலேனா தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வேளையும் ஊட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

கிளாரிசா அப்பாவைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே தெரப்பிஸ்ட் மலர்விழி, தலையில் இரண்டு ஈரப் பட்டைகளைக் கட்டி லேசாக மின்சாரம் விடப்போவதாகச் சொன்னதும் ரபேல் நாற்காலியை விட்டு எழப் பார்த்தார்.

“தலைக்குக் கரண்டா? நான் என்ன தஞ்சோங் ரம்புத்தான் கேஸா, மிஸ்ஸி?”

அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே இங்கே எல்லோருக்கும் மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். மலர்விழி சிரிக்கவில்லை.

“அது வேற அங்கிள். இது ரொம்பக் கம்மி கரண்ட், கொஞ்சம் அரிக்கும், அவ்ளோதான். மூளையை லேசா தட்டி எழுப்பும். எழுந்த மூளைக்கு வேலை குடுக்கணும்ல, அதுக்குத்தான் எக்சர்சைஸ். ரெண்டையும் சேர்த்துச் செஞ்சு பார்ப்போம். எல்லாருக்கும் பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவரை உட்கார வைத்தது. பொய் சொல்லாத ஆளிடம் தலையைக் கொடுக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

வாரங்கள் ஓடின. மடங்கிக் கிடந்த விரல்கள் விரிந்தன, பிளாஸ்டிக் குவளையைப் பிடித்தன. கை மார்பு வரை உயர்ந்தது. அதோடு நின்றுவிட்டது. மலர்விழிக்குக் காரணம் பிடிபடவில்லை.

“வீட்ல எப்படி ஆன்டி சாப்பிடுறாரு?”

“நான்தான்மா ஊட்டுறேன். ஒரு பருக்கை கீழ விழாது!” மகதலேனா பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

மலர்விழி ரபேலின் வலது கையை அவர் மடியில் இறக்கி வைத்தாள். “ஆன்டி, இங்க நாங்க எழுப்பி விடுறோம். வீட்ல நீங்க தூங்க வெச்சிடுறீங்க. வாதம் வந்த முதல் சில மாசத்துலதான் கை சீக்கிரம் திரும்பும். அதை விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம் லா. இனிமே ஊட்டாதீங்க.”

கிள்ளான் வரும்வரை காரில் மகதலேனா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். தன் கையே அவர் கையைக் கெடுத்துவிட்டதே என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. இனி அவருக்கு என்னதான் செய்வது என்று தெரியாதது அதைவிடப் பெரிய வேதனை.

கிளாரிசா இருவரையும் இறக்கிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாலையில் மகதலேனா ஏதோ நினைப்பில் மீன் குழம்பு வைத்தாள். முள் எடுத்து, சோற்றைப் பிசைந்து, தட்டை ரபேலின் முன்னால் வைத்தாள். ஜெபம் முடிந்ததும் அவர் வழக்கம்போல வாயைத் திறந்தார்.

“நீங்களே சாப்பிடுங்க.”

“கை வரலடி.”

“வரும். மெதுவா சாப்பிடுங்க.”

“பிச்சைக்காரனுக்குக்கூட இப்படி வெச்சிட்டுப் போக மாட்டாங்க.”

அவர் வாயிலிருந்து இப்படியொரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. அவள் கை தானாகத் தட்டை நோக்கி நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். வெளியே தட்டு மேசையில் இடிபட்டது. பிறகு ஏதோ சிதறியது. குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். மாதாவே, நான் அங்கே போய்விடாமல் என்னைப் பிடித்துக்கொள் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

ஓசை அடங்கிய பிறகுதான் வெளியே வந்தாள். மேசையெல்லாம் சோறு, சட்டையெல்லாம் குழம்பு. ரபேலின் தலை தட்டுக்கு மேல் கவிழ்ந்து கிடந்தது. பதறிப்போய் ஓடினாள். அவர் நிமிர்ந்தார். மீசையிலும் கன்னத்திலும் பருக்கைகள் ஒட்டியிருந்தன. வலது கை உயர மறுத்த மிச்ச தூரத்துக்கு அவர் தலையைத் தாழ்த்தியிருக்கிறார்.

“குழம்புல உப்பே இல்லடி.”

அவள் அந்தத் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். உண்மைதான், மறந்திருந்தாள். உப்பில்லாத அந்தச் சோற்றிலேயே பாதியை அவர் தன் கையால் சாப்பிட்டிருந்தார். மகதலேனா உப்பு ஜாடியை எடுத்து வந்து, அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.